முந்நூற்று இருபது மீட்டர்

ஈரத் துணி வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மீட்டர் அக்கா எதிர் மாடியில் தொங்கும் போர்வையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். போர்வையின் கீழ் ஓரம் இடது பக்கமாகத் தூக்கி அடங்குகிறது. "வலதுலேருந்து வருது. விட்டு விட்டு வருது," என்று முணுமுணுத்துவிட்டு, கனமான துணிகளை ஒரு பக்கமும் லேசானவற்றை மறு பக்கமுமாகக் கொடியில் போட ஆரம்பிக்கிறாள். உள்ளேயிருந்து கணவன் குரல் கொடுக்கிறான்: "துணி காயப்போடுறியா, சுடப் போறியா?"

போலீஸில் குறிபார்த்துச் சுடும் படையில் அவளுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். தெருவுக்கு அதெல்லாம் பெரிய விஷயமில்லை. மருந்துக் கடை எங்கே என்று யாராவது கேட்டால், "நேரா நூத்தியெழுபது மீட்டர், வலது பக்கம்" என்பாள். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் இந்தப் பெயர். சந்தேகப்பட்ட டாக்ஸிக்காரர் ஒருவர் டேப் பிடித்து அளந்தே பார்த்துவிட்டார். நூற்று அறுபத்தெட்டு. "நம்ம மீட்டரைவிட அக்கா மீட்டர் யோக்கியம்" என்று அன்றே ஒத்துக்கொண்டார்.

கணவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அவனுக்குப் பெண்டாட்டியும் பீரோவும் ஒன்றுதான். ஆனாலும் வாடிக்கையாளர்களிடம் பெருமை பீற்றாமல் இருக்க மாட்டான்: "எங்க வீட்டம்மா எண்ணூறு மீட்டர்ல சாப்பாட்டுத் தட்டு சைஸ் அட்டைய அடிப்பாங்க. அதுவும் நம்ம கடைக் கண்ணாடி போடாமலே!"

சுடுகிற நாளில் அவள் டீயைத் தொடுவதில்லை. "டீ குடிச்சா நாடி குறிக்குள்ள வந்து குதிக்குது" என்பாள். வலது ஆள்காட்டி விரல் நகத்தை மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை வெட்டுவாள். குப்புறப் படுத்துப் படுத்து இரண்டு முழங்கைகளும் காய்த்துக் கறுத்திருக்கின்றன. கல்யாண வீடுகளுக்கு முழுக்கை ரவிக்கைதான்.

எங்கே போனாலும் ஒரே கேள்வி: "எவ்வளவு தூரம் வரைக்கும் சரியாச் சுடுவீங்க?" முன்பெல்லாம் உற்சாகமாக விளக்குவாள். எண்ணூறு மீட்டர் போய்ச் சேரக் குண்டுக்கு ஒன்றரை நொடி ஆகும்; அதற்குள் அது நாலைந்து ஆள் உயரம் கீழே இறங்கிவிடும்; வழியில் காற்று வேறு பக்கவாட்டில் தள்ளும்; இத்தனையையும் கணக்குப்போட்டுத்தான் விசையை அழுத்த வேண்டும். இப்போது யாராவது கேட்டால், "எதைச் சுடணும்னு முதல்ல சொல்லுங்க, அப்புறம் தூரத்தைச் சொல்றேன்" என்கிறாள். பதில் மாறியது போன கோடையில்.

மதியம் இரண்டு மணி. கட்டி முடிக்காத அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில், கைப்பிடிச் சுவரில்லாத விளிம்பில், பெயின்டர் ஒருவன் தன் நான்கு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலது கையில் கத்தி. மனைவி பிரிந்து போய் ஒரு மாதம். மகளை அவளிடம் ஒப்படைக்கச் சொல்லி அன்று காலையில்தான் கோர்ட் உத்தரவு வந்திருந்தது. யாராவது படியேறி வந்தால் இரண்டு பேர் கதையையும் முடித்துக்கொள்வேன் என்று கத்தினான். சுற்றிலும் வெட்டவெளி. அவன் கண்ணில் படாமல் அவள் படுத்துக் குறிபார்ப்பதற்குக் கிடைத்த ஒரே இடம் ஒரு பள்ளிக்கூட மொட்டைமாடி. அங்கிருந்து முந்நூற்று இருபது மீட்டர்.

கொதிக்கிற தளத்தில் துப்பாக்கியோடு படுத்தாள். பக்கத்தில் தொலைநோக்கியோடு கூட்டாளி. வாக்கி டாக்கியில் அதிகாரியின் குரல் வந்தது.

"அடிக்க முடியுமா?"

"முடியாது சார்."

"எண்ணூறுல அடிக்கிற ஆளு நீ. இது முந்நூறும்மா!"

"அட்டை மடியில புள்ள இருக்காது சார்."

அவள் வீம்புக்குச் சொல்லவில்லை. அன்றைய காற்று குண்டை ஒரு சாண் தள்ளிவிடும். குழந்தையின் தலை அவன் மோவாயை ஒட்டி இருந்தது. காற்றைக்கூடச் சமாளித்துவிடலாம். குண்டு போய்ச் சேர அரை நொடி ஆகுமே, அந்த அரை நொடியை என்ன செய்வது? அதற்குள் ஒரு குழந்தை தும்மும், திரும்பிப் பார்க்கும், அப்பா கழுத்தைக் கட்டிக்கொள்ளும்.

கீழே நின்ற கூட்டத்துக்குக் கத்தி மட்டும்தான் தெரிந்தது. துப்பாக்கியின் குறிக்கண்ணாடி வழியாக அவளுக்கு அவன் நகத்தில் காய்ந்திருந்த வெள்ளைப் பெயின்ட்கூடத் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. இடது உள்ளங்கையை விரித்து மகளின் நெற்றிக்கு மேலே பிடித்திருந்தான். நிழல் விலக விலகக் கையும் நகர்ந்தது.

"சார், அவன் புள்ளைக்கு வெயில் மறைக்கிறான்."

"என்னது?"

"கையால சார். இருபது நிமிஷமாப் பாக்குறேன். யாரையும் மேல அனுப்பாதீங்க. தண்ணி மட்டும் குடுத்துப் பாருங்க. புள்ள உதட்ட நக்கிக்கிட்டே இருக்கு."

"தப்பாப் போச்சுன்னா?"

"என் பேர்ல எழுதிக்குங்க சார்."

கூட்டாளி அவளைத் திரும்பிப் பார்த்தான், அவள் திரும்பவில்லை. சாமான் ஏற்றுகிற கயிற்றில் கட்டித் தண்ணீர் பாட்டிலை மேலே அனுப்பினார்கள். பெயின்டர் அதை எட்டி எடுத்தான். புது பாட்டில், மூடி இறுக்கமாக இருந்தது. ஒரு கையால் திருகினான், பல்லால் கடித்தான், அசையவில்லை. குழந்தை "தா, தா" என்று கையை நீட்டியது. அவன் கத்தியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் மூடியைத் திறந்தான்.

குழந்தை குடித்து முடிக்கும்வரை பாட்டிலைத் தாங்கிப் பிடித்திருந்தான். அதன்பிறகு கத்தியை எடுக்கவில்லை. முகத்தை மகளின் முதுகில் புதைத்துக்கொண்டு குலுங்கினான். அப்போதுதான் இரண்டு காவலர்கள் மெதுவாகப் படியேறிப் போனார்கள். மொத்தம் ஒரு மணி பத்து நிமிஷம். கூட்டாளி கைகொடுத்துத் தூக்கித்தான் அவளால் எழுந்திருக்க முடிந்தது.

பாராட்டு வரவில்லை, விசாரணை வந்தது. முடியாது என்றது திறமைக் குறைவா, கீழ்ப்படியாமையா என்று கேட்டார்கள். "துப்பாக்கியால முடியும் சார். அந்த அரை நொடிக்கு என்னால உத்தரவாதம் குடுக்க முடியாது" என்றாள். எழுதிக்கொண்டார்கள். படையிலிருந்து விலக்கி, பயிற்சி மைதானத்தில் மற்றவர்கள் சுட்ட அட்டைகளின் ஓட்டைகளுக்குக் காகிதம் ஒட்டுகிற வேலையில் போட்டார்கள். உத்தரவு கிடைத்த அன்று சாயங்காலம் கணவன், மாடித்தளத்தின் சூட்டில் கொப்புளித்து இன்னும் ஆறாதிருந்த அவள் முழங்கையைப் பிடித்து, மூக்கு உரசுகிற தூரத்தில் குனிந்து மருந்து தடவினான். "கிட்டத்துல பாக்குறதுக்கு நான்தான் ஆளு" என்றான். அவள் அப்போதுதான் அழுதாள்.

எட்டு மாதம் பசையும் காகிதமுமாகப் போயிற்று. போன வாரம் ஏதோ ரசீதில் முத்திரை வாங்கத் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தாள். வராந்தா பெஞ்சில் ஒரு பெண், சிறையில் இருக்கும் கணவனைப் பார்க்க அனுமதிக் கடிதம் கேட்டுக் காத்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பெயின்டரின் மகள். பிரிந்துபோன மனைவி மனசு மாறி வந்திருக்கிறாள் போல. ஒரு மணி பத்து நிமிஷம் கண்ணெடுக்காமல் பார்த்த முகம், மறக்குமா? அவர்களுக்கோ இவளைத் தெரியாது. உள்ளே கூப்பிட்டதும் தாய், "கொஞ்சம் பாத்துக்குறீங்களாக்கா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். சிறுமி பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து வந்து, இவள் வலது கையில் தலை சாய்த்து, கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள்.

கிளார்க் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். "அக்கா, உங்களைத்தான் தேடுறேன்! விசாரணைல உங்க மேல தப்பில்லேன்னு முடிச்சு, மறுபடியும் படைக்கே போட்டுட்டாங்க. ஆர்டர் வந்துருச்சு. எந்திரிச்சு வாங்க, மேசைல வச்சு ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவள் விரலை உதட்டில் வைத்து அவரை அடக்கினாள். காகிதத்தை மடியில் வைக்கச் சொல்லிக் கண்ணால் காட்டினாள். பேனாவை இடது கையில் வாங்கி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவது போலக் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினாள்.