மடுவுக்குப் போன பொ.ம.சி.

எங்கள் குடும்பத்தில் அட்சரகணிதத்தால் நன்மை கண்ட ஒரே ஆள் நான்தான். அந்த நன்மையும் பள்ளிக்கூடச் சோதனையில் கிடைக்கவில்லை. மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போன வான் வண்டியில் ஓர் இடமாகக் கிடைத்தது.

அப்போது நான் தரம் பத்து. குருநகரில் எங்கள் வீடு, பெரியம்மா வீடு, சின்னம்மா வீடு மூன்றும் ஒரே ஒழுங்கையில் இருந்தன. ஆவணி வந்தால் மூன்று வீடும் சேர்ந்து ஒரு வான் பிடிப்போம். மடுவில் மரங்களுக்குக் கீழே தறப்பாள் கட்டி, சமைத்துச் சாப்பிட்டு, மூன்று நாள் தங்குவோம். எங்கள் வீட்டில் நாலு பேர், பெரியம்மா வீட்டில் ஐந்து, சின்னம்மா வீட்டில் நாலு. ஆகப் பதின்மூன்று.

தங்கப் போவது மூன்று நாள்தான் என்றாலும், சாமான் கட்டும் விதத்தைப் பார்த்தால் ஊரைவிட்டே போகிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒருத்தி வீட்டுச் சட்டியில் மற்றவள் சமைத்தால் மானம் போய்விடும். ஆகவே மூன்று மண்ணெண்ணெய் அடுப்பு, மூன்று கேத்தில், தேங்காய் துருவ மூன்று திருவலை. மற்ற வருடங்களில் இதெல்லாம் வானின் கூரையில் ஏறிவிடும். அந்த வருடம் வான்காரர் புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தார். கூரையில் ஒரு கயிறுகூடப் படக்கூடாது என்று சொல்லிவிட்டார். சாமான் எல்லாம் உள்ளே ஏறினால் பின் இருக்கை முழுவதும் போய்விடும். சின்னம்மாவின் பிள்ளைகளை மடியில் வைத்தும், எப்படி நெருக்கியும், ஓர் ஆள் மிஞ்சியது.

அந்த ஆள் யார் என்பதைப் பெரியம்மா தீர்மானித்தார். எங்கள் ஒழுங்கையில் எதையும் அவர்தான் தீர்மானிப்பார். சொன்ன சொல்லை அவர் திருப்பி எடுத்ததை ஒருவரும் கண்டதில்லை.

“இவள் கொக்குவில் மாமியோடை நிக்கட்டும். சோதினையும் கிட்டுது. மாதா எங்கையும் போகமாட்டா, வாற வருசமும் அங்கைதான் இருப்பா.”

அம்மா சாமான் கட்டத் திரும்பிவிட்டார். அப்பா வலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்தியால் வந்த அழுகை என்று பொய் சொல்லமாட்டேன். கடைகளில் காப்பு வாங்குவது, மச்சாள்மாருடன் வரிசையாகப் படுத்துக் கதைப்பது, மூன்று நாள் கொப்பியைத் தொடாமல் இருப்பது, இதெல்லாம் போகப்போகிறதே என்றுதான் அழுதேன்.

வீங்கிய கண்ணோடு அன்று பின்னேரம் ரியூசனுக்குப் போனேன். பாடம் அட்சரகணிதக் கோவைகளின் பொது மடங்குகளுட் சிறியது, சுருக்கமாகப் பொ.ம.சி. கணக்கு ஆசிரியர், எங்கள் சேர், கரும்பலகையில் 4x²y, 6xy³ என்று இரண்டு கோவைகளை எழுதினார். இரண்டையும் கண்மூடித்தனமாகப் பெருக்கி வீங்கவைக்க வேண்டாம் என்றார். 4க்கும் 6க்கும் பன்னிரண்டு. பிறகு ஒவ்வோர் எழுத்தையும் ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டும், எந்தக் கோவையில் அதன் வலு, அதாவது அடுக்கு, கூடவோ அந்த வலுவோடு எடுக்க வேண்டும். விடை 12x²y³. அதற்குள் இரண்டு கோவைகளும் அடங்கிவிடும், ஒன்றும் மிகையில்லை.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் மூன்று வீடும் சாமானைப் பெருக்கி அல்லவா வீங்கவைத்திருக்கின்றன!

வீட்டுக்கு வந்ததும் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து மூன்று வீட்டையும் மூன்று கோவைகளாக எழுதினேன். அடுப்புக்கு அ, திருவலைக்கு தி, வாளிக்கு வா, பாய்க்கு பா. நாங்கள் சோறு சாப்பிடும் தட்டைக் கோப்பை என்போம், அதற்கு கோ. அடுப்பு மூன்று வீட்டிலும் ஒன்று, ஆகவே ஒன்றே போதும். வாளி எங்களுக்கு இரண்டு, மற்றவர்களுக்கு ஒவ்வொன்று, ஆகவே இரண்டு. பாய் இரண்டு, மூன்று, இரண்டு. எடு மூன்றை. கோப்பை நாலு, ஐந்து, நாலு. எடு ஐந்தை. சாமான் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. பின் இருக்கையும் பிழைத்துவிட்டது.

பெரியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினார். நான் பொ.ம.சி.யை விளக்கினேன். சேரைப் போலவே கையை ஆட்டி விளக்கினேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

“அப்ப, உவ்வளவும் போதுமெண்டு கணக்குச் சொல்லுதோ?”

“ஓம் பெரியம்மா.”

“கணக்குப் பிழையாகாதோ?”

“பிழையாகாது.”

“சரி. இவளும் வரட்டும்” என்றார். சின்னம்மா தன் திருவலைக்காக ஏதோ முணுமுணுத்தார், பெரியம்மா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். கட்டியதை எல்லாம் அவிழ்த்து, என் தாளில் உள்ளபடியே திரும்பக் கட்டினார்கள். வானில் யன்னல் ஓரம் எனக்கு. ஆனையிறவு தாண்டும்வரை தம்பிக்குப் பொ.ம.சி.யின் மகிமையைச் சொல்லிக்கொண்டு போனேன்.

மடுவில் அடுப்பு ஒன்று, தாராளமாகப் போதுமாக இருந்தது. திருவலை ஒன்று, கைமாறிக் கைமாறி வேலை செய்தது. நெஞ்சு விம்மப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சோறும் பருப்பும் சொதியும் இறங்கின. பதின்மூன்று பேரும் கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தார்கள். கோப்பை ஐந்து.

திருவலையை ஒருவர் முடித்தபின் மற்றவர் எடுக்கலாம். வயிறு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அல்லவா பசிக்கிறது. கோப்பையைக் கூட்டியிருக்க வேண்டும். ஐயோ என்று போயிற்று எனக்கு. 

பெரியம்மாவின் மூத்த மகன், எங்கள் அண்ணை, வெறுங்கையை நீட்டிக்கொண்டு கேட்டார்: “பொ.ம.சி., கையைக் கழுவிப்போட்டன். என்ரை கோப்பை எங்கை?”

எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். இன்றைக்கும் அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர். மூன்று நாளும் பந்தி வைத்துத்தான் சாப்பிட்டோம். முதலில் பிள்ளைகள், பிறகு ஆண்கள், கடைசியில், கழுவும் தண்ணீரை மிச்சம் பிடிக்க, அம்மாவும் சின்னம்மாவும் ஒரே கோப்பையில். மூன்று பாயையும் குறுக்கே விரித்து, காலை மணலில் நீட்டிக்கொண்டு படுத்தோம். ஏச்சு விழும், விழும் என்று நான் பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.  அவரோ வெறும் பானையின் மூடியில் சோற்றைப் போட்டு அமைதியாகச் சாப்பிட்டார். கணக்குப் பாவம் அவருக்கு எப்படித் தெரியும், நம்பி ஏமாந்துவிட்டார் என்று நான் இரங்கினேன். அந்த இரக்கத்தோடு சந்தோசமாகக் காப்பும் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

போன வருடம் எங்கள் பங்குக் கோயில் திருநாளுக்கு விருந்துச் சமையல். உதவிக்குப் போயிருந்தேன். பெரியம்மாவுக்கு இப்போது முழங்கால் முடியாது. கதிரையில் இருந்தபடியே, முந்நூறு பேருக்கு எத்தனை கொத்து அரிசி, எத்தனை தேங்காய், ஒரு பந்திக்கு எத்தனை கோப்பை கழுவி வர வேண்டும் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டிருந்தார். கையில் தாள் இல்லை. நாங்கள் அந்த வானில் போவதற்கும் முன்பிருந்தே, இருபத்தைந்து வருடமாக அந்தச் சமையலை அவர்தான் நடத்துகிறாராம், ஒரு கோப்பை குறைந்ததில்லையாம்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. பதின்மூன்று வாய்க்கு எத்தனை கோப்பை என்று தெரியாத மனுசியா அவர்? தெரிந்தும் ஏன் என் தாளை ஏற்றீர்கள் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

பெரியம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நீ அழுத அழுகைக்கு நான் என்ன செய்யிறது? உன்னை விட்டிட்டுப் போறமெண்டு சொல்லிப்போட்டன். மாத்திறதுக்கு எனக்கும் ஒரு சாட்டு வேணுமெல்லோ” என்றார்.