காக்கா நிறுத்தாமல் ஓட்டிய கார்

என் அண்ணன், எங்கள் காக்காவின் நினைவு மலரில் இதை வாசிக்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் அதிகம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை விட்டவன் நான். அச்சகத்தில் திருத்திக்கொள்வார்கள் என்று காக்காவின் மகள் சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தேன். சபையில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் செருப்பைத் தேடி வெளியே போகிற ஆள் நான். எழுதுவது அதைவிடப் பரவாயில்லை.

காக்கா சாய்ந்தமருதில், கடலுக்குப் பக்கத்து வளவில் பிறந்தார். எங்களைப் பெற்ற வாப்பா கரைவலை இழுத்தவர். வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போனபோது காக்காவுக்கு மீசை கூட அரும்பவில்லை. அவரே வலைக்குப் போனார். பிறகு லொறியில் கிளீனராக ஏறி, வரிப்பத்தான்சேனை வயல்களில் நெல் மூட்டை ஏற்றி, கடைசியில் அதே லொறியின் சாரதியானார். நிக்காஹ் முடிந்ததும் எங்கள் பக்கத்து வழக்கப்படி மதினியின் வீட்டுக்கு, மருதமுனைக்குப் போனார். சுனாமி அந்த வீட்டையும் அதிலிருந்த கைத்தறிகளையும் கொண்டுபோனது. ஆட்கள் தப்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ். பிறகு கட்டாரில் சில வருடங்கள் கார் ஓட்டினார். ஊர் திரும்பி ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கினார். முன்பு அதை வைத்திருந்த பையன் கார் ஓட்டப் போட்டிகளுக்குப் போகிறவன். வாங்கும்போது காக்காவுக்கு அது தெரியுமா, தெரியாதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தக் காரில் அவர் ஏற்றியது பெரும்பாலும் சிறுநீரக நோயாளிகளை. இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், முடிந்ததும் வீட்டில் சேர்ப்பார். அதில்தான் எல்லாரையும் சிரிக்க வைத்த ஒரு பழக்கம் இருந்தது. திரும்பும்போது ஒரு நோயாளி முதலில் வந்து ஏறிவிடுவார், மற்றவர் வரத் தாமதமாகும். மற்ற சாரதிகள் நிழலில் நிறுத்திக்கொண்டு காத்திருப்பார்கள். காக்கா நிறுத்த மாட்டார். ஏறியவரை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரி மதிலைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்.

“என்ன காக்கா, ஆஸ்பத்திரியத் தவாப் செய்றீங்களா?” என்று, மக்காவில் கஃபாவை ஏழு முறை சுற்றுவதைச் சொல்லி வாசல் காவலாளி கேட்பார்.

“ஏழு சுத்து முடிஞ்சாப் பதில் செல்லுறன் மனே,” என்று காக்கா போய்க்கொண்டே இருப்பார்.

நானும் சிரித்திருக்கிறேன். ஓரிடத்தில் இருக்க முடியாத ஆள் என்றுதான் நினைத்தேன். காரணம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஒருநாள் அவர் கல்முனையில் மெக்கானிக் யோசேப்பு பாஸின் கராஜில் காரைக் கொடுத்து, என்ஜினின் கேம் ஷாஃப்ட் இரண்டையும் கழற்றுவித்தார். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுகள் அவை. அவற்றில் வரிசையாக முட்டை வடிவப் புடைப்புகள் இருக்கும். இரண்டையும் மருதமுனையில் நெய்த, தான் உடுத்தும் சாரன் ஒன்றில் சுற்றி, கொழும்பு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோனார். அங்கே அவற்றைக் கேட்ட அளவுக்கு மறுபடி அரைத்துக் கொடுக்கும் ஒரு பட்டறை இருக்கிறதாம்.

கார் அப்படிக் கழற்றிக் கிடந்த நாட்களில்தான் காக்காவுக்கு நெஞ்சு வலித்தது. ஊரில் பாதி நோயாளிகளை ஏற்றியவரை ஓர் ஓட்டோவில் மடித்து உட்கார வைத்துக் கொண்டுபோனோம். வழியிலேயே முடிந்துவிட்டது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அடக்கிய சில நாட்களில், என்னிடம் இருந்த அவருடைய போன் அடித்தது. பட்டறைக்காரர். சிங்களவர், தமிழ் பேசினார். காக்காவை ‘நானா’ என்றார்.

“நானா இருக்கா?”

“மௌத்தாகிட்டார்.”

“ஐயோ!” என்றார். பிறகு, “தண்டு ரெண்டும் இன்னும் அரைக்க இல்ல. இங்க வாற எல்லாரும் வேகம் கூட்டத்தான் கேக்கிற. நானா மட்டும் வேகம் போனாப் பரவாயில்ல, கொறைச்சு அரைங்கன்னு சொன்ன. எனக்கு நம்ப ஏலாம இருந்திச்சி. அதான் இன்னொருக்கா கேக்கணும்னு வெச்சேன். அரைச்சாத் திரும்ப ஒட்ட ஏலாது” என்றார்.

“கேட்டுச் சொல்றன்” என்று வைத்துவிட்டேன். யாரிடம் கேட்பது என்று பிறகுதான் யோசித்தேன்.

யோசேப்பு பாஸிடம் போனேன். “அது முந்தின பொடியன் போட்டிக்கெண்டு அரைச்ச தண்டு தம்பி. இருக்கிற வேகத்தக் கொறைக்க ஆரும் கொழும்புக்குப் போவானா? ஒங்கட காக்கா இன்னும் கூட்டத்தான் போயிருப்பார். வயசு போன நேரத்தில எனக்கிட்டச் செல்ல வெக்கம்,” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தார்.

கணவனை இழந்தவர் மறைவாக இருக்கும் இத்தாவில் மதினி இருந்தார். நான் முன்னால் போய்ப் பேச முடியாது. மகள் வழியாகக் கேட்டேன். திரைக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது: “அவர் என்ன நெனச்சாரோ அத அப்படியே செய்யச் செல்லு. வேற மாதிரி வேணாம்.”

அவர் என்ன நினைத்தார் என்பதுதானே என் கேள்வி. கூட்டுவதா, குறைப்பதா? தப்பாகச் சொன்னால் காக்கா தொடங்கிய கடைசி வேலையை நானே கெடுத்தவனாவேன். சோற்றில் கை வைத்தாலும் அந்தத் தண்டுகள்தான் ஞாபகம் வந்தன.

அப்படி ஒருநாள் மதினி வீட்டு முன்னறையில் இருந்தபோது, நாவிதன்வெளியிலிருந்து கமலா அக்கா துக்கம் விசாரிக்க வந்தார். காக்கா கிழமை தவறாமல் ஏற்றிச் சென்ற நோயாளி. பெண் என்பதால் நேரே திரைக்குள் போனார். பேச்சு எனக்குக் கேட்டது.

“காக்கா என்ன ஏத்தினா எங்கயும் நிப்பாட்ட மாட்டார் தங்கச்சி. நிண்டா அந்தக் கார் கெடந்து நடுங்கும். ஏசியப் போட்டா என்ஜின் நிண்டு போகும். சுத்திகரிச்சி வந்த ஒடம்பு, எனக்கு வாந்தி வாற மாதிரி ஓங்காளம் வந்திரும். ஓடிக்கிட்டிருந்தா ஒண்டும் தெரியா, குளிராவும் இரிக்கும். அதுக்காகத்தான் அந்தச் சுத்துச் சுத்துவார்.”

“எனக்கு ஒருநாளும் செல்லல்லயே...” என்றார் மதினி.

“கடசியா இறக்கி விடக்குள்ள, ‘கொஞ்ச நாள் பொறுங்க, இனி கார் நிக்கிற நேரமும் நீங்க நித்திர கொள்ளலாம்’ எண்டார். நான் பகிடி எண்டு நெனச்சன்.”

உள்ளே மதினி அழுவது கேட்டது. போட்டிக்கு அரைத்த அந்தத் தண்டுகள்தான் நின்ற இடத்தில் காரை நடுங்க வைத்தன என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. நான் முற்றத்துக்கு வந்து கொழும்புக்குப் போன் எடுத்தேன். “நானா சொன்ன மாதிரியே அரைங்க. வேகம் கொறையட்டும்.” அவ்வளவு சத்தமாக நான் பேசி அடுத்த வீட்டார் கேட்டதில்லை. எட்டிப் பார்த்தார்கள்.

தண்டுகள் அதே சாரனில் சுற்றி வந்து சேர்ந்தன. யோசேப்பு பாஸ் பூட்டி, வால்வு இடைவெளியைச் சரிபார்த்து, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். சத்தம் இல்லை. மறுபடி திருப்பினேன். கிறீச்சென்று கத்தியது.

“விடுங்க தம்பி, விடுங்க! முதலே ஸ்டார்ட் ஆகித்தான் இரிக்கி!”

இப்போது அந்தக் காரை காக்காவின் மருமகன் ஓட்டுகிறார். மேடுகளில் முன்பு போல் பாயாது. ஒருநாள் கமலா அக்காவை அழைத்துவர நானும் போனேன். அவர் ஏறினார், மற்றவருக்காகக் காத்திருந்தோம். காவலாளி கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

“என்ன, இண்டைக்குச் சுத்தல்லயா?”

நான் பின்னால் திரும்பினேன். பின்சீற்றில் கமலா அக்கா தூங்கிவிட்டார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. என்ஜின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று தெரியாமல் நான் டாஷ்போர்டில் கையை வைத்துப் பார்த்தேன்.

இவ்வளவையும் காக்கா ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. நாங்கள் சிரித்தபோது கூடவே சிரித்தார்.

அன்று ஓட்டோவைப் பறக்கவிட்ட தம்பிக்கும், கபுறுக் குழி வெட்டியவர்களுக்கும், மதினி வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு அனுப்பிய அயலாருக்கும், யோசேப்பு பாஸுக்கும், அரைக்காமல் வைத்திருந்து கேட்ட அந்தக் கொழும்பு மனிதருக்கும், கமலா அக்காவுக்கும் எங்கள் நன்றி. காக்காவுக்காக துஆச் செய்யுங்கள்.

இந்த நினைவு மலரில் ஒரு பிரதியை ஆஸ்பத்திரி வாசல் காவலாளிக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அன்று அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை.

எழுதி முடித்தது: நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.