வெண்டலின் வாயும் பத்து கெஜச் சங்கிலியும்

என் தம்பி வெண்டலுக்கு ஆண்டவன் பெரிய வாயாகக் கொடுத்தான். அதை எப்போது மூட வேண்டும் என்கிற புத்தியை மட்டும் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான். தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடுகிற வேலை அவனுக்கு. வாரம் முழுக்க நாலு வார்த்தை பேச மாட்டான். சனிக்கிழமை மதியம் கல்லூரி மைதானத்தில் உட்கார்ந்தால் போதும், சோளக்காட்டுக்கு அப்பால் மேய்கிற மாடுகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

எங்கள் ஊர் ஃபுட்பாலில் பந்தைக் காலால் உதைப்பது எப்போதாவதுதான். கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், இல்லாவிட்டால் எறிவார்கள். நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும்; முடியாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் தனக்குத் தெரியும் என்பது வெண்டலின் நினைப்பு. கோச்சைத் திட்டுவான், நடுவரைத் திட்டுவான், பந்தைக் கோட்டைவிட்ட பையனின் ஊரையே திட்டுவான். கல்யாணமான புதிதில் அவன் மனைவி இரண்டு ஆட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்றாவதற்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அப்புறம் இன்னும் தள்ளி அரிசோனாவுக்கே போய்விட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

போன வருஷம் ஓர் ஆட்டத்துக்கு முன்னால், இறந்துபோன வேதியியல் பேராசிரியருக்காக எல்லோரும் தொப்பியைக் கழற்றி மௌனமாக நின்றோம். அந்த மௌனத்தில் என் தம்பி, நம் அணியில் பந்தை உதைக்கிற பையனுக்கும் சேர்த்தே அஞ்சலி செலுத்திவிடலாம் என்று சத்தமாக யோசனை சொன்னான். பேராசிரியரின் மனைவி முன்வரிசையில் இருந்தாள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

கல்லூரியின் விளையாட்டுத் துறையைப் பார்த்துக்கொள்கிற கெயில் அவனை மைதானத்துக்குள்ளேயே விடக்கூடாது என்றாள். மைதான வாசலுக்குள் சர்ச்சுக்காகச் சில்லி என்கிற கறிக்குழம்பும் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் விற்கிற கடை என்னுடையது; வேலிக்கு வெளியே நின்றபடி அவன் என்னிடம் ஒரு மாதம் புலம்பினான். மைதானம் இல்லாவிட்டால் அவனுக்குச் சனிக்கிழமையே கிடையாது. கடைசியில் கெயில் ஒரு வழி கண்டுபிடித்தாள். பத்து கெஜத்தை அளக்கிற சங்கிலிக்கு இரண்டு முனையிலும் கம்பு உண்டு. கோட்டோரமாக அதைப் பிடித்து நிற்பது உள்ளூர்க்காரர்கள்தான். ஆனால் பிடிக்கிறவன் யார் பக்கமும் சாயக்கூடாது.

“வெண்டல், வேலிக்கு உள்ள வரணும்னா இந்தக் கம்போடதான் வரணும்,” என்றாள் கெயில். “உங்க வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தாலும் கம்பும் கிடையாது, மைதானமும் கிடையாது. அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காதீங்க.”

நுணலும் தன் வாயால் கெடும், இரண்டு வாரம்கூடத் தாங்காது என்று நான் எல்லோரிடமும் சொன்னேன்.

அவன் தாங்கினான். எங்கள் அணிதான் தாங்கவில்லை. வட்டாரக் கூட்டமைப்பில் இருக்கிற ஒவ்வொரு கல்லூரியும் வந்து எங்களை அடித்துவிட்டுப் போனது. சங்கிலிக்காரர்கள் நிற்பது எதிரணியின் பக்கம். அவர்கள் குதிப்பதையும் எங்கள் பையன்களைக் கிண்டல் செய்வதையும் கேட்டுக்கொண்டு வெண்டல் கம்பைப் பிடித்தபடி கல்லாக நின்றான். ஆட்டம் முடிந்து கடைக்கு வரும்போது முகம் பீட்ரூட் நிறத்தில் இருக்கும். இப்படி அடக்கினால் நெஞ்சு வெடித்துச் செத்துவிடுவான் என்று எனக்குப் பயம். கத்தினாலும் தொல்லை, கத்தாவிட்டாலும் தொல்லை.

அக்டோபரில் ஒருநாள் அவன் சில்லியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். என்ன என்று துருவித் துருவிக் கேட்டபிறகு சொன்னான். எங்கள் அணியின் முன்வரிசையில் கோல்பி என்று ஒரு தடியன் இருக்கிறான். எங்கள் பையன்கள் பந்தை எறியப் போகிறார்கள் என்றால் இவன் குதிகாலில் சாய்ந்துகொள்வானாம். ஓடப் போகிறார்கள் என்றால் முன்னால் குனிவானாம். எதிரிகள் எல்லோரும் அவனைப் பார்த்துத்தான் ஆடுகிறார்கள். வெண்டலின் காதுபட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

“போய் ரெனர்கிட்ட சொல்லேன்டா,” என்றேன். ரெனர்தான் கோச்.

“சொல்லக்கூடாதுக்கா. அந்தப் பக்கம் நின்னு கேட்டதை இந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது. வாக்குக் குடுத்திருக்கேன்.”

“ஊரையே நாறடிச்ச வாய்க்கு இப்ப என்னடா வாக்கு? நான் போய்ச் சொல்றேன்.”

“நீ சொன்னா நான் சொன்ன மாதிரிதான். பேசாம இரு.”

என்னைப் பேசாமல் இருக்கச் சொல்கிறான், இவன்! கரண்டியைத் தூக்கி எறியலாம் போல வந்தது. வாய் திறக்கக்கூடாத இடத்திலெல்லாம் திறந்தவன், திறக்க வேண்டிய இடத்தில் ஊமை கனவு கண்ட மாதிரி உட்கார்ந்திருந்தான். அடுத்தடுத்த வாரங்களும் தோற்றோம். ஊரே ரெனரைத் திட்டியது.

கடைசி ஆட்டம் நவம்பர் குளிரில். எதிரிகள் எங்களைவிட நாலு புள்ளி கூட. முடிய சில நிமிஷங்கள் இருந்தன. நான் அண்டாவைக் கழுவப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து ஓர் அலறல் கேட்டது. வருஷம் முழுக்கத் தேக்கிய தண்ணீர் மடை உடைத்த மாதிரி. கடையில் இருந்த எல்லாப் பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யார் குரல் என்று யாருக்கும் சந்தேகம் இல்லை.

நடுவர் கம்பை வாங்கி வேறொருவனிடம் கொடுத்தார். கெயில் வாசலைக் காட்டினாள். வெண்டல் என் கடையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். சிரித்துக்கொண்டே வந்தான், பைத்தியக்காரன்.

“அக்கா, கோல்பி பின்னால சாஞ்சான். நம்ம பசங்க பந்தை எறியப் போறாங்கன்னு நெனச்சு எதிரிங்க எல்லாரும் பின்னால ஓடினானுங்க. நம்ம பசங்க கோல்பி பக்கமாவே பந்தோட ஓடிக் கடைசிக் கோட்டைத் தாண்டிட்டாங்க, நாம முந்திட்டோம். ஒருத்தன் தொடலக்கா. ரெனருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. வேணும்னே சாயச் சொல்லியிருக்கான்.”

“அதுக்கு இத்தனை ஆட்டம் தோக்கணுமாடா?” என்றேன். அவன் காதில் விழவில்லை.

வெளியே போனதும் கதவைச் சாத்தினார்கள். வேலி முழுக்கத் தார்ப்பாய் கட்டியிருக்கும். அவனுக்கு எதுவும் தெரியாது. நான் உள்ளே நின்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

“இப்ப பந்து எந்தக் கோட்டுல இருக்கு?”

“வெள்ளைக் கோட்டுலடா.”

“எல்லாமே வெள்ளைதான்! யார் கையில இருக்கு?”

“அவங்க கையில. எறியறாங்க. ஐயோ, ஒரே கும்பலா விழுந்துட்டாங்க. பந்து கீழ உருளுது.”

பார்வையாளர் படிகளில் இருந்தவர்கள் எழுந்து கத்தினார்கள். ஜெயித்துவிட்டோம். அந்த வருஷத்தில் ஒரே ஒரு தடவை. தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கிழிசல் வழியாகப் பார்த்தேன். தொப்பியை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். இத்தனை வருஷம் பிள்ளைகளைக் கண்டபடி திட்டியபோது உள்ளே விட்டுவைத்தார்கள். வாழ்நாளில் முதல்தடவை சந்தோஷத்தில் கத்தினான், வெளியே தள்ளிவிட்டார்கள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

“அக்கா,” என்றான். “அந்தப் பையன்கிட்ட யாராவது சொல்லணும். நல்லா சாஞ்சான்னு. நான் உள்ள வர முடியாது.”

கோல்பி மைதானத்தின் நடுவில், தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தான். அவ்வளவு தூரம் நடக்க என் முழங்கால் இடம் கொடுக்காது. பிறந்ததிலிருந்து பொது இடத்தில் நான் குரலை உயர்த்தியதில்லை. எங்கள் வீட்டில் ஒரு வாய் போதும் என்றிருந்தேன். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “கோல்பி! நல்லா சாஞ்சடா!” என்று கத்தினேன். கெயில் உள்படப் பத்துப் பேர் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை.

“கேக்கல அவனுக்கு,” என்றான் வெண்டல் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து. “இன்னும் சத்தமாக்கா.”