வெள்ளையடிக்க என்று சொன்ன சுண்ணாம்பு

அறுபதுகளின் கடைசியில் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ஒரு தோல் மண்டியில் குமாஸ்தாவாக இருந்தேன். தோலைப் பற்றி ஏடு ஏடாக எழுதுவேனே தவிர, ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. "பேனா புடிக்கிற கைக்கு தோலப் பத்தி இன்னா தெரியும்?" என்று மேஸ்திரி ஒருநாள் எல்லார் முன்னாலும் சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வெட்டி ரோஷம். இரண்டு ஆட்டுக்குட்டித் தோல்களை உப்புத் தடவிப் பழைய பிஸ்கட் டின்னில் அடைத்து, ரயிலேற்றி நான் குடியிருந்த மணவாள நகருக்குக் கொண்டுவந்தேன். நானே பதப்படுத்தி அவர் முன்னால் விரித்துப் போட வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரர் திருவள்ளூர்க் கோயிலில் கைங்கரியம் செய்கிறவர். "முட்டை ஓடுகூட இந்த வாசப்படி தாண்டப்படாது" என்று சொல்லித்தான் பின்போர்ஷனை விட்டிருந்தார். தோல் என்று தெரிந்தால் அன்றைக்கே சட்டிபானை தெருவில். அதனால் மனைவியிடமும் மூச்சு விடவில்லை. டின்னை விறகுக்குப் பின்னால் ஒளித்தேன். மயிர் கழல ஊறவைப்பதற்காகக் குளியலறை மூலையில் ஒரு பானையில் சுண்ணாம்பு நீற்றினேன். சீக்கிரம் கழலட்டும் என்று மண்டியில் கேட்டு வாங்கிய சிவப்புப் பாஷாணத்தையும் அதில் கொட்டினேன்.

"இன்னாங்க இது?" என்றாள் மனைவி.

"பொங்கலுக்கு வெள்ளையடிக்க" என்றேன். வாய் கூசவில்லை.

மறுநாள் ஞாயிறு. தோலைப் பதனிட ஆவாரம்பட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். எங்கள் மூன்று மாதக் குழந்தை, இரவெல்லாம் பால் கக்கியவள், அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்தூட்டு அக்கா சுண்ணாம்புத் தெளிவு ஊத்துனாங்க. அப்புறம் கக்கவே இல்ல" என்றாள் மனைவி.

எங்கள் பக்கத்தில் பால் கக்கும் குழந்தைக்குச் சுண்ணாம்பைக் கரைத்து, மேலே தெளிந்த நீரைச் சங்கில் புகட்டுவார்கள்.

"எந்தச் சுண்ணாம்பு?"

"நீங்க வெச்சிக்கினு கீறீங்களே, அந்தப் பானைதான். நான்தான் எடுத்துக்கச் சொன்னேன்."

குழந்தையை வாரிக்கொண்டு ஓடினேன். "இன்னா ஆச்சி, சொல்லுங்களேன்!" என்று அவள் கத்திக்கொண்டே பின்னால் வந்தாள். சத்தம் கேட்டு வெளியே வந்த வீட்டுக்காரர் ஒரு ரிக்‌ஷாவை நிறுத்தி, "ஏறுங்கோ, நானும் வரேன்" என்று கூடவே ஏறினார். வழி முழுக்கக் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே போனேன். மூச்சு ஒவ்வொரு முறை வந்தபோதும் அடுத்தது வருமா என்று பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன குடுத்தீங்க?" என்றார்.

வீட்டுக்காரர் குழந்தையின் துணியை மடித்து வைத்துக்கொண்டு என் பின்னால் நின்றார், பக்கத்தில் மனைவி.

"வெள்ளையடிக்கிற சுண்ணாம்புத் தண்ணி சார்."

"வேற எதுவும் கலக்கலையே?"

குழந்தைக்கு விக்கல் எடுத்தது. அப்போதுதான் வாய் திறந்தேன். பாஷாணம் என்றேன், தோல் என்றேன், டின் என்றேன். டாக்டர் என்னைத் தள்ளிவிட்டு, வயிற்றைக் கழுவக் குழாயை எடுத்தார். குழந்தை வீறிட்டது.

சேதி கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "பானையா? அத்த யாரு தொட்டா? ஆறாத சுண்ணாம்ப பச்சக் கொழந்தைக்குத் தருவாங்களா? என் வெத்தலப் பொட்டி சுண்ணாம்ப இல்ல கரச்சி ஊத்துனேன்!"

தரையில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர், "பெருமாள் காப்பாத்தினார்" என்றார். வீட்டைக் காலி செய்யச் சொல்லவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூன்றாம் நாள் மனைவி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்: "டாக்டர் மொத வாட்டி கேட்டப்பவே ஏன் சொல்லல?"

வீட்டுக்காரர் பின்னால் நின்றார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளும் அங்கேதான் நின்றிருந்தாள்.