அப்பா போட்ட சுண்ணாம்புக் கோடு

என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எந்த இடத்தில் எந்த ‘ள’ போடுவது என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். பிழைகளைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு எழும்பாது. சென்ற வாரம் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டார்கள். முந்தின நாள் ஒருவர் வந்து தெருவின் குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்று போட்டுவிட்டுப் போனார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அதனால் எழுதுகிறேன்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். எனக்கு எட்டு வயது. முத்தியால்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துத் தெருவில் குடியிருந்தோம். அப்பாவுக்கு வெள்ளையடிக்கிற வேலை. கோயில் சுவர், வெள்ளைக்காரத் தெரு மதில் எல்லாம் அடித்திருக்கிறார். சுவரில் நூல் பிடிக்காமல் கோடு இழுப்பார். நூல் பிடித்தது போலவே இருக்கும்.

அப்போதெல்லாம் ஓட்டுத் தாளைச் சர்க்கார் கொடுக்காது. ஒவ்வொரு கட்சியும் தன் ஆட்களின் பேரை அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுக்கும். பிடித்த தாளை மடித்துக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட வேண்டும். பணக்காரர்கள் கட்சி ஒன்று இருந்தது. பெரிய வீட்டுக் கட்சி என்பார்கள். அவர்கள் தாள் மட்டும் நல்ல மஞ்சள் நிறம். தெருமுனையில் தடியோடு நிற்கிற அவர்களுடைய ஆட்களுக்கு, போகிறவன் கையில் என்ன தாள் இருக்கிறது என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். அதற்கு முந்தின தேர்தலில் அப்பா கையில் வெள்ளைத் தாள் இருந்ததென்று நடுத்தெருவில் அறைந்தார்களாம். நான் அப்போது அம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். எனக்கு நினைவில்லை.

இந்தத் தடவை மேரியிலிருந்து புது உத்தரவு வந்தது. மேரி என்றால் நகரசபை ஆபீசு. பள்ளிக்கூட வாசலிலிருந்து அறுபது தப்படியில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும், கோட்டுக்கு உள்ளே கட்சி ஆள் நிற்கக் கூடாது, தாள் கூடாது, தடி கூடாது, சத்தம் கூடாது, மீறினால் சிறை. தண்டோராக்காரன் எங்கள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான்.

கோடு போட அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். தேர்தலுக்கு முந்தின நாள் மத்தியானம் மேரி குமாஸ்தா குடை பிடித்துக்கொண்டு நிழலில் நின்றார். அப்பா பள்ளிக்கூட வாசலிலிருந்து அடி வைத்தார். நானும் கூடவே எண்ணிக்கொண்டு ஓடினேன். அப்பா குட்டையான மனிதர். ஆனால் அன்றைக்கு ஓடையைத் தாண்டுகிறவர் மாதிரி எட்டி எட்டி வைத்தார். அறுபது முடிந்தபோது எங்கள் வீட்டையும் தாண்டியிருந்தார்.

“என்னாய்யா, இவ்ளோ தூரம் வந்துடுச்சு?” என்றார் குமாஸ்தா.

“அறுவதுதாங்க முசே. பையன் எண்ணினான், கேளுங்க.” சர்க்கார் ஆட்களை அப்போது ‘ஐயா’ என்பதற்குப் பதில் ‘முசே’ என்றுதான் கூப்பிடுவோம்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அப்பா கோடு இழுத்தார். எங்கள் வீடு உள்ளே. அடுத்த வீடு வெளியே.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா ரகசியமாகக் கேட்டாள். “நாளைக்கு மஞ்சத் தாள் எங்கன்னு கேட்டா என்னா பண்ணுவ?”

“கேக்க மாட்டாங்க புள்ள. நம்ம வாசல்ல நிக்கவே அவனுங்களுக்கு உரிமை இல்ல.” அப்பா மாதா படத்தைத் திருப்பி, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைச் செருகினார். அவர் சீட்டியடித்து நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

நான் அந்தத் தாளைப் பார்த்தது தப்பாய்ப் போயிற்று. தண்டோராக்காரன் சொன்ன ‘தாள் கூடாது’ கட்சி ஆட்களுக்குத்தான் என்று எனக்குத் தெரியாது. எதிர்வீட்டு அண்ணனிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். அவர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிப்பவர்.

“அண்ணே, கோட்டுக்குள்ள தாள் வச்சிருந்தா என்னா பண்ணுவாங்க?”

“கையில வெலங்குதான். ஏன்டா, உங்கப்பன் வச்சிருக்காரா? அய்யய்யோ, நாளைக்கு உங்க வீட்டுல சோறு கெடையாதுடா!” என்று சிரித்தார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் கேட்கவும் வாய் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். தாளைத் திருடிக் கிழித்துவிடலாம் என்றால் மாதா படத்தில் கை வைக்கப் பயம். படுத்துக்கொண்டே யோசித்தேன். வீடு கோட்டுக்குள் இருப்பதுதானே குற்றம்? வீட்டை நகர்த்த முடியாது. கோட்டை நகர்த்தலாம்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அம்மா முதல் பூசைக்குப் போனாள். அப்பா கொல்லைக் கிணற்றில் குளித்துக்கொண்டிருந்தார். மிச்சச் சுண்ணாம்பு வாளியில் இருந்தது. தெருவில் ஆளில்லை. அப்பா போட்ட கோட்டின் மேல் மண்ணை வாரிப் போட்டுக் காலால் தேய்த்தேன். பிறகு எங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூடத்தைப் பார்த்த பக்கமாக, வேறொரு கோடு போட்டேன். வெள்ளையடிக்கிற மட்டையைப் பிடிக்கத் தெரியவில்லை. பாதிக்கு மேல் கையாலேயே பூசினேன். பாம்பு போனது மாதிரி இருந்தது. இருந்தாலும் எங்கள் வீடு வெளியே வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் சிவப்புத் தொப்பி வைத்த சிப்பாய் ஒருவர் வந்தார். நான் போட்ட கோட்டின் பக்கத்திலேயே நின்றுகொண்டார். பிறகு பெரிய வீட்டு ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தெருமுனையிலிருந்து மெதுவாக முன்னேறினார்கள். ஒருவன் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. “டேய், கோடு அங்கதான்டா இருக்கு. தாராளமா வாங்க!” வந்து எங்கள் வாசலிலேயே நின்றார்கள். ஒருவன் எங்கள் படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

அப்பா சலவை வேட்டியும் சட்டையுமாக வெளியே வந்தார். அவர் அந்த ஆட்களை முதலில் பார்க்கவில்லை. கோட்டைத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

“என்னா மேஸ்திரி, கெளம்பியாச்சா? தாளைக் காட்டு,” என்றான் படியில் இருந்தவன்.

“நீங்க இங்க நிக்கக் கூடாதுய்யா. இது கோட்டுக்கு உள்ள.”

“நீ போட்ட கோடுதானே? குடிச்சிட்டுப் போட்டியா, இப்படி வளையுது!”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிப்பாயைப் பார்த்தார். “எனக்குக் கோடுதான் கணக்கு மேஸ்திரி. உன் வூட்டை நான் பாக்க முடியுமா?” என்று சிப்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சட்டைப் பையிலிருந்து வெள்ளைத் தாளை அவர்களே எடுத்தார்கள். கிழித்தார்கள். அப்பாவின் கையில் மஞ்சள் தாளை வைத்து, “தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிக்கினு போ. பொட்டியில போடற வரைக்கும் எங்க கண்ணுக்குத் தெரியணும்,” என்றார்கள்.

அப்பா தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் வழக்கம்போல எண்ணினேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூட வாசலுக்கு அப்பாவுக்கு எண்பத்தேழு தப்படி ஆயிற்று. அறுபதுக்குள் போகிற தூரம் எப்படி இவ்வளவு ஆனது என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. ஆனால் விலங்கு போடவில்லை. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. பூசை முடிந்து வந்த அம்மாவிடம் ஓடிப்போய், “அப்பா தாளைக் கையில தூக்கிக்கினே உள்ள போறாரும்மா, ஒண்ணும் பண்ணல!” என்று குதித்தேன். அம்மா தெருவைப் பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

அப்பா திரும்பி வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். மாதா படத்தை நேராக வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். என் கைகள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்று சிவந்திருந்தது. எரிச்சலை நான் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

“சுண்ணாம்பு கடிச்ச கையில தண்ணி படக் கூடாது,” என்று மட்டும் சொன்னார். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டார். வெகுநேரம் தேய்த்தார். கோட்டைப் பற்றிக் கேட்பாரோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, நான் பெரியவனாகி அவரோடு வெள்ளையடிக்கப் போன பத்து வருஷத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை.

அன்று எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, நான் தப்பித்துவிட்டேன்.

எழுதி முடித்தது 1974 மார்ச்சு 3, ஞாயிற்றுக்கிழமை.