திருகோணமலையில் ஒரு லாரி

இன்று எங்கள் சுற்றுலாக் கப்பல் திருகோணமலையில் நின்றது. கோணேசர் கோயிலைப் பார்த்துவிட்டு நானும் கணவரும் ஆட்டோவில் துறைமுகத்துக்குத் திரும்பினோம். கப்பல் கிளம்ப அரைமணி நேரம்தான் இருந்தது.

வழியில் ஒரு லாரி நின்றிருந்தது. சென்னைப் பக்கம் லாரித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இவர் ஆட்டோவை நிறுத்தி இறங்கி ஓடினார்.

"அண்ணே, இது ஒரகடத்துல எங்க லைன்ல செஞ்ச வண்டி!"

லாரி டிரைவருக்கும் சந்தோஷம். இவரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிக்காட்டப் போய்விட்டார்.

பாஸ்போர்ட் இரண்டும் இவர் பையில். நான் மணியைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக நின்றேன்.

"பயப்பிடாதேங்கோ அக்கா, வந்திடுவார்" என்றார் ஆட்டோக்காரர்.

ஒருவழியாக வந்தார். ஓடிப்போய்க் கப்பலில் ஏறினோம். நாங்கள்தான் கடைசி.

மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறார்: "பிரேக் இன்னா சூப்பரா புடிக்குது தெரியுமா?"

இன்னும் நான் பேசவில்லை. எத்தனை நாள் பேசாமல் இருக்கலாம், நீங்களே சொல்லுங்கள்.