அக்காவின் உயரத்தில் ஒரு மேசை

என் அக்கா புருஷனைத் தெருவில் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். நான் அத்தான் என்பேன். நெட்டையான மனிதர். எங்கள் தையல் கடைக்குள் வருவதென்றால் வாசல் நிலைக்குக் குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அப்படிப்பட்டவர் கொஞ்சம் கொஞ்சமாக என் உயரத்துக்கு இறங்கி வந்துவிட்டார். எல்லாம் இடுப்புவலி. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் நிமிர முடியாது. தும்மல் வந்தால் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்வார். வலி இடுப்போடு நிற்காமல் இடது காலில் கணுக்கால் வரைக்கும் சுரீர் என்று இறங்குமாம். குனிந்து நாடா கட்ட முடியாமல் ஷூவை விட்டுச் செருப்புக்கு மாறினார்.

என்ன ஆயிற்று என்று கேட்டால், மாடிப்படியில் சறுக்கிவிட்டேன் என்பார். அவர் சறுக்கியதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. தைலம் தைலமாகத் தேய்த்தார். அந்த வாசனை தைக்கிற துணியிலும் ஏறிக்கொண்டது. ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தபோது, வாங்கிப்போனவர் மறுநாளே திரும்பி வந்து, "மாஸ்டர், இதைப் போட்டுக்கிட்டா எனக்கே சளி சரியாயிடும் போல இருக்கு" என்றார். அத்தான் மெத்தையை மாற்றினார். மெத்தையே வேண்டாமென்று தரையில் படுத்தார். பெல்ட் வாங்கிக் கட்டினார். பெல்ட்டைக் கட்டினால் மூச்சு முட்டியது, கழற்றினால் இடுப்பு முட்டியது. எனக்கு அவர்மேல் இரக்கம்தான். ஆனால் ஒழுங்காக ஒரு டாக்டரிடம் போகாமல் ஊர் சொன்னதையெல்லாம் செய்துகொண்டிருந்ததில் கோபமும் மூக்குக்கு மேல் இருந்தது.

கடையில் நாங்கள் மூன்று பேர்தான். முன்பெல்லாம் அக்கா துணி வெட்டுவாள், அத்தான் தைப்பார், நான் காஜா எடுத்துப் பட்டன் வைப்பேன். ஜன்னல் ஓரம் இருக்கும் பெரிய வெட்டு மேசை அக்காவுடையது. அக்கா குட்டை. கடை திறந்த புதிதில், அவளை நிற்க வைத்து, தரையிலிருந்து முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரை டேப் பிடித்து அத்தானே அளந்து, தச்சரிடம் சொல்லிச் செய்த மேசை அது. "கட்டின புடவைக்குக்கூட என்னை யாரும் இப்படிக் கேட்டு வாங்கினதில்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள்.

பிறகு அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வைத்தியத்தில் கால் திரும்ப வந்துவிட்டது, பேச்சும் திரும்ப வந்துவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து அத்தான்தான் அந்த மேசையில் வெட்டினார். அக்கா கல்லாப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி ஒரு ரப்பர் பந்தை வலது கைக்குள் வைத்து அமுக்கிக்கொண்டிருப்பாள். அமுக்குவது எங்கே, அது பாட்டுக்கு நழுவி உருண்டு ஓடும். நான் எழுவதற்குள் அத்தான் குனிந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். எடுத்துவிட்டு நிமிர்வதற்கு அவர் படுகிற பாட்டை அக்கா பார்த்துவிடக் கூடாது என்று அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

என் தொல்லை தாங்காமல் கடைசியில் அவர் பிசியோதெரபி பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் போக ஆரம்பித்தார். இரண்டாவது தடவை நானும் கூடப் போனேன். அந்தப் பெண் அவரைப் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பார்த்து, கேட்ட முதல் கேள்வியே, "மேசைய உயர்த்திட்டீங்களா ஐயா?" என்பதுதான்.

அத்தான் மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்தார்.

"போன தடவையே சொன்னேனே. உங்க உயரத்துக்கு அந்த மேசையில குனிஞ்சு வேலை செஞ்சீங்கன்னா நான் என்ன பயிற்சி குடுத்தாலும் வலி நிக்காது. இப்படியே விட்டா கால் மரத்துப் போயிடும். அப்புறம் தையலையே மறந்துட வேண்டியதுதான்."

எனக்குச் சுருக்கென்றது. ஊருக்கெல்லாம் அளவெடுத்துப் பிழைக்கிறோம். மாடிப்படிக் கதையை நம்பிக்கொண்டு, கண்ணெதிரே இருந்த மேசையை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன்.

"மாடிப்படியாம் மாடிப்படி! ஏன் அத்தான் எங்ககிட்ட சொல்லல? நாலு காலுக்கும் கட்டை வச்சா முடிஞ்சுது."

"வச்சா உங்கக்காவுக்கு எட்டாது."

"அவ எங்க இனிமே வெட்டப் போறா?" வாய் தவறி வந்துவிட்டது. அவர் முகம் செத்துப்போனது.

"ஆஸ்பத்திரியில பேச்சு வந்ததும் அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். என் மேசைய யாருக்கும் குடுத்துடாதீங்கன்னா. கை வந்ததும் நீதான் வெட்டணும்னு சொன்னேன். இப்ப அத உயர்த்தினா, உன் கை இனிமே வராதுன்னு நானே சொல்ற மாதிரி ஆயிடாதா? வலி என்னோட போகட்டும். நீ வாயத் தெறக்காதே."

அதற்குமேல் அவரிடம் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. வாயைக் கட்டிக்கொண்டேன்.

ரொம்ப நாள் கட்டி வைக்க முடியவில்லை. பள்ளிக்கூட மேடைக்குத் திரை தைக்க ஒரு வேலை வந்தது. கனத்த துணி, மேசை முழுக்க விரித்து எட்டி எட்டி வெட்ட வேண்டும். நான் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். கத்திரிச் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தால், அத்தான் மேசைமேல் கவிழ்ந்து கன்னத்தைத் திரைத்துணியில் வைத்துக் கிடக்கிறார். கத்திரி கையிலேயே இருக்கிறது.

"நிமிர முடியல" என்றார், யாரையோ தொந்தரவு செய்கிற குரலில்.

அந்த நேரம் பார்த்துப் பேண்ட் வாங்க ஒருவர் வந்து, "என்ன, மாஸ்டர் தூங்கறாரா?" என்றார்.

"ஆமா, எழுந்ததும் சொல்றேன், நாளைக்கு வாங்க" என்று அக்கா அவரை அனுப்பிக் கதவைச் சாத்தினாள். அவள் ஒரு கையாலும் நான் இரண்டு கையாலும் தாங்கி, மெதுவாகத் தரையில் இறக்கி, டாக்டரம்மா காட்டிக்கொடுத்தபடி காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்தோம். வலி கொஞ்சம் விட்டதும் அவருக்கு மூச்சு வந்தது. அக்கா அவரைக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அந்த டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"ரெஸ்ட் எடுக்கணும்னு..."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுடி."

சொல்லிவிட்டேன். மேசை, ஆஸ்பத்திரி, பஸ், ஒன்று விடாமல். அத்தான் தரையில் கிடந்தபடி கண்ணை மூடிக்கொண்டார். அக்கா அவர் தலைமாட்டில் மெல்ல உட்கார்ந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"எனக்குக் கைதான் போச்சு, புத்தி போகல. இது வராதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். நீங்க ஆசையா பாத்துக்கிட்டு இருக்கீங்களேன்னுதான் அந்தப் பாழாப்போன பந்த தெனமும் வச்சு அமுக்கிக்கிட்டு இருக்கேன்."

அத்தான் கண்ணைத் திறந்தார். "மேசை உன்னோடதும்மா" என்றார்.

"என்னோடதுதான். அதனாலதான் சொல்றேன், உயர்த்துங்க." அதற்குப் பிறகுதான் அழுதாள். இடது கையால் அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே அழுதாள். நான் பின்கட்டுக்குப் போய் வேண்டுமென்றே சத்தமாகப் பாத்திரம் கழுவினேன்.

அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் தச்சர் வந்தார். எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று கேட்டார். அக்கா அத்தானை நிற்க வைத்தாள். நான் டேப்பின் ஒரு முனையைத் தரையில் அழுத்திக்கொண்டேன். மறுமுனையை அவள் இடது கையால் அவர் முழங்கைவரை இழுத்துப் பிடித்துக் கொஞ்சம் கீழே இறக்கி அளவு சொன்னாள்.

"உனக்கு எட்டாது" என்று அப்போதும் முனகினார் அத்தான்.

"மிச்சக் கட்டையில நான் ஏறி நிக்க ஒரு பலகை பண்ணிக் குடுங்கண்ணே" என்றாள் அக்கா தச்சரிடம்.

"ஏறி நின்னு என்னக்கா பண்ணப் போற?" என்றேன் நான்.

"இடது கை சும்மாதானே கெடக்கு."

அத்தான் தச்சர் கொண்டு வந்திருந்த கட்டையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். மேசையைத்தான் அக்காவுக்கு இறக்கிவைக்க வேண்டும் என்றில்லை, அக்காவையும் மேசைக்கு ஏற்றிவிடலாம் என்று அந்த நெட்டை மனிதருக்கு அதுவரை தோன்றியதேயில்லை.

வலி ஒரே நாளில் ஓடிவிடவில்லை. காலையில் தரையில் படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கிற பயிற்சி, சாயங்காலம் கடைத்தெருக் கோடிவரை நடை, நடுவில் எவ்வளவு வேலை இருந்தாலும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு ஓய்வு. டிமிக்கி கொடுக்கப் பார்ப்பார். அக்கா விட மாட்டாள். ஒருநாள் கடையில் அவருக்குத் தும்மல் வந்தது. தும்மினார், மூக்கைத் துடைத்துக்கொண்டு வெட்டத் தொடங்கினார். சுவரைத் தேடவில்லை. நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு தலையணை வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதற்கு உறை நான் போடுவேன் என்றாள் அக்கா. பலகைமேல் ஏறி, மீந்துபோன திரைத்துணியில் இடது கையால் சுண்ணக்கட்டியைப் பிடித்துக் கோடு இழுத்தாள். கோடு கோணல்மாணலாகப் போனது. அத்தான் நிமிர்ந்து நின்று, அவள் போட்ட கோட்டின்மேலேயே வெட்டினார். நூல் அளவுகூடத் திருத்தவில்லை.

அந்த உறை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு, பார்க்கவே சகிக்காது. துவைத்துக் காயப்போடும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். பிரித்து ஒழுங்காகத் தைத்துத் தரட்டுமா என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

"அதுல மட்டும் கைய வச்சுடாதே" என்றார் அத்தான். "அது என் அளவுக்கு வெட்டினது."